எல்லாமே இலவசம், அப்புறம் ஏன் பின்தங்குகிறார்கள்?

கேள்வி: தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் புத்தகம், சீருடை, சாப்பாடு, பஸ் பாஸ் எல்லாமே இலவசம். அப்படியிருந்தும் கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் ஏன் படிப்பில் பின்தங்குகிறார்கள், ஏன் பாதியில் நின்றுவிடுகிறார்கள்? பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஒரு பெற்றோர் இதில் என்னதான் செய்ய முடியும்?

பதில்: "எல்லாமே" என்ற சொல்லை முதலில் வகுப்பு வாரியாகப் பிரித்துப் பார்த்துவிடுவோம். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆனால் 1 முதல் 5ஆம் வகுப்பு வரைதான். விலையில்லாச் சீருடை ஆண்டுக்கு நான்கு செட், சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு 8ஆம் வகுப்பு வரை. சத்துணவும் முட்டையும் 10ஆம் வகுப்பு வரை. சைக்கிள் கிடைப்பது 11ஆம் வகுப்பில். மாதம் 1,000 ரூபாய் கிடைப்பது (பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன்) பிளஸ் டூ முடித்து உயர்கல்வியில் சேர்ந்த பிறகு.

இந்த வரிசையை ஒரு பிள்ளையின் வளர்ச்சியோடு சேர்த்து வையுங்கள். 5 முடித்து 6க்குப் போகிற ஜூன் மாதத்தில் காலைச் சாப்பாடு நிற்கிறது. அதே மாதத்தில் பள்ளியும் தூரமாகிறது. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், 6 முதல் 8 வரை உள்ள பள்ளி 3 கிலோமீட்டருக்குள் இருந்தால் போதும். சாப்பிட்டுவிட்டு ஒரு கிலோமீட்டர் நடந்த பிள்ளை இப்போது வெறும் வயிற்றோடு மூன்று கிலோமீட்டர் நடக்கிறது. அதற்குச் சைக்கிள் வர இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது.

அடுத்த சறுக்கல் 9ஆம் வகுப்பு. இலவசச் சீருடை 8ஓடு நிற்கிறது. 6 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி என்ற சட்டப் பாதுகாப்பு அந்த வயதோடு முடிகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்குள் எல்லா வேலையையும் தடை செய்கிறது (பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவது விலக்கு). 14க்கு மேல் 18 வரை, அபாயகரமான தொழில்களுக்கு மட்டுமே தடை. பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை என்பதும் 8 வரைதான். நான்கு பிடிமானமும் ஏறக்குறைய ஒரே படியில் விட்டுப்போகின்றன. போதாக்குறைக்கு, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்துக்குப் பயந்து 9ஆம் வகுப்பிலேயே வடிகட்டும் பழக்கம் சில பள்ளிகளில் இன்னமும் இருக்கிறது. பின்தங்கிய பையனிடம் "நீ டுடோரியல்ல படிச்சுக்கோ" என்று சொல்வது வடிகட்டலின் நாகரிகமான பெயர்.

சீருடை, சாப்பாடு, பாஸ் எல்லாம் பெரிய சாதனைகள்தாம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டதிலிருந்து, 1956இல் காமராஜர், 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். என்று வளர்ந்த திட்டம் இல்லாவிட்டால் இந்தப் பிள்ளைகளில் பலர் பள்ளிக்கே வந்திருக்க மாட்டார்கள். உதவி குறைகிற இடமும் செலவு கூடுகிற இடமும் ஒன்றாக இருப்பதுதான் கோளாறு. மேலாண்மைக் குழு கண் வைக்க வேண்டிய வகுப்புகள் 6, 9, 11.

பசி

இரவு எட்டு மணிக்குச் சோறு சாப்பிட்ட பிள்ளை, அம்மா ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிட்டதால் ஒரு டீயோடு பள்ளிக்கு வருகிறது. அடுத்த சாப்பாடு மதியம் பன்னிரண்டரைக்கு மேல். பதினாறு மணி நேரம். பல பள்ளிகளில் கணக்கையும் ஆங்கிலத்தையும் "பிள்ளைகள் தெளிவாக இருக்கும் நேரம்" என்று காலை முதல் இரண்டு பாடவேளைகளில் வைக்கிறார்கள். பசித்த பிள்ளைக்கு அந்த இரண்டு பாடவேளைகள்தான் மங்கலானவை. 6ஆம் வகுப்பிலிருந்து கணக்கு மதிப்பெண் சரிவதைப் பார்த்துவிட்டுப் பாடம் கடினமாகிவிட்டது என்கிறோம். பாதி அதுதான். மீதிப் பாதி வயிறு.

காலை உணவுக்கு ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசியோ ரவையோ சேமியாவோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு என்பது திட்டத்தின் அளவு. மதியத்துக்குத் தேசிய அளவுகோல் தொடக்க வகுப்புகளுக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய். 6 முதல் 8 வரை 150 கிராம் தானியம், 30 கிராம் பருப்பு, 75 கிராம் காய். குழு உறுப்பினர் பார்க்க வேண்டியது சாம்பாரின் கெட்டியை. வருகைப் பதிவில் 80 பேர் என்றால் காலைக்கு 1.2 கிலோ பருப்பு போயிருக்க வேண்டும். தண்ணீராக ஓடுகிற சாம்பாரில் அது இருக்காது. இன்னொன்று: வகுப்பு தொடங்குமுன் பரிமாறி முடிக்கிறார்கள் என்பதால் தாமதமாக வருகிற பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. பெரும்பாலும் வீட்டில் வேலை பார்த்துவிட்டு வருகிற, அதிகம் பசித்த பிள்ளைதான் தாமதமாக வருகிறது. கடைசியில் வருகிறவர்களுக்கு என்று ஒரு பாத்திரத்தில் எடுத்து மூடி வைக்கச் சொல்வது குழு செய்யக்கூடிய மிக எளிய காரியம்.

வயிறு நிறைந்தாலும் இரத்தம் குறைவாக இருந்தால் பிள்ளை மந்தமாகத்தான் இருக்கும். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒரு முறை இரும்புச் சத்து மாத்திரை தருகிறார்கள்: 10 வயதுக்கு மேல் நீல நிறம், அதற்குக் கீழ் இளஞ்சிவப்பு. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். குமட்டிய பிள்ளை அடுத்த வாரம் மாத்திரையை ஜன்னலுக்கு வெளியே எறியும். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஆசிரியர் கண்முன் விழுங்கவைப்பதும், பிறகு ஒரு மணி நேரம் டீ குடிக்காமல் இருக்கச் சொல்வதும் போதும். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 குடற்புழு நீக்க நாள்களில் வராத பிள்ளைகளுக்கு அடுத்த வாரம் ஒரு நாள் மீண்டும் தருகிறார்கள், அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

வருகைப் பதிவேடு பேசும்

ஒரு பள்ளி ஆண்டில் ஏறத்தாழ 210 வேலைநாள். வாரம் ஒரு நாள் விடுப்பு என்றால் யாருக்கும் பெரிதாகப் படாது. கூட்டிப் பார்த்தால் 42 நாள், ஏறக்குறைய இரண்டு மாதப் பாடம். அது ஒரே மூச்சில் போயிருந்தால் ஆசிரியர் கவனித்திருப்பார். சில்லறையாகப் போவதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

தொடக்க வகுப்புகளில் இந்தச் சில்லறை இழப்பு செய்வது இதுதான். ஒகர, ஓகாரக் கொம்புகளும் காலும் சொல்லித்தருகிற இரண்டு வாரத்தில் நான்கு நாள் வராத பிள்ளை, "கொக்கு", "கோழி" இரண்டையும் முதல் எழுத்தைப் பார்த்து ஊகித்துப் படிக்கப் பழகிவிடுகிறது. மூன்றாம் வகுப்பு வரை ஊகம் தாங்கும், படங்கள் உதவும். நான்காம் வகுப்பில் படம் குறைந்து பத்தி நீளும்போது அப்படியே நின்றுவிடும். கணக்கிலும் இதே கதை. இடமதிப்புப் பாடத்தைத் தவறவிட்ட பிள்ளை 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும். ஒன்றாம் இடத்தில் 2இலிருந்து 7 போகாது, அதனால் 7இலிருந்து 2ஐக் கழித்துவிடுகிறது. அதைக் கவனக்குறைவு என்று சொல்லித் தலையில் குட்டுவதில் பயனில்லை. பத்தை உடைத்து ஒன்றுகளாக்குவது என்றால் என்ன என்று அதற்கு யாரும் காட்டவில்லை. அந்தப் பிள்ளைக்கு வகுத்தலும் வராது, பின்னமும் வராது, எட்டாம் வகுப்பு இயற்கணிதம் கிரேக்கமாக இருக்கும்.

பள்ளியே மூடிக்கிடந்தால் இது எவ்வளவு பெரிதாகும் என்பதைக் கொரோனா காட்டியது. 1 முதல் 8 வரை 2020 மார்ச் முதல் 2021 நவம்பர் 1 வரை வகுப்பறை இல்லை. ஊரகப் பகுதிகளில் நடக்கும் ஏசர் ஆய்வில், தமிழ்நாட்டின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பத்தியைப் படிக்க முடிந்தவர்கள் 2018இல் நூற்றுக்குச் சுமார் 40 பேர், 2022இல் 25 பேர். வீட்டில் ஸ்மார்ட்போனும் படித்த பெரியவரும் இருந்த பிள்ளை ஓரளவு தப்பித்தது. இல்லாத பிள்ளை எழுத்தையே மறந்து வந்தது. இதைச் சரிசெய்யத்தான் 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வியும் (தன்னார்வலர்கள் நடத்திய மாலை வகுப்புகள்), 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் வந்தன. எண்ணும் எழுத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறார்கள். நல்ல முறை. ஆனால் நிலை பிரித்த பிறகு பிள்ளை வருடம் முழுக்க அரும்பிலேயே இருந்தால் யாராவது ஏன் என்று கேட்க வேண்டும்.

கேட்பதற்குப் பதிவேட்டில் விடுப்பு நாள்களின் வடிவத்தைப் பாருங்கள். வகுப்பு ஆசிரியரிடம், கடந்த மாதம் ஆறு நாளுக்கு மேல் வராதவர்கள் யார், எந்தெந்தத் தேதி என்று மட்டும் கேளுங்கள்.

சந்தை கூடும் கிழமையில் தவறாமல் விடுப்பு என்றால், பெற்றோர் சந்தைக்குப் போகும்போது தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்த பிள்ளை நிற்கிறது. இதற்கு மருந்து அந்தக் கைக்குழந்தையை அங்கன்வாடியில் சேர்ப்பது. மழை நாள்களில் மட்டும் வரவில்லையென்றால் உடுத்தத் தகுந்த சீருடை ஒன்றே ஒன்று இருக்கிறது, அது காயவில்லை. 9ஆம் வகுப்புக்கு மேல் இது சகஜம். உள்ளூரில் யாரிடமாவது ஒரு செட் துணிக்குக் கேட்டால் தீர்ந்துபோகிற பிரச்சினைக்காகப் பிள்ளை பதினைந்து நாள் இழக்கிறது. நாள்காட்டியில் முகூர்த்த நாள் எதுவோ அன்றெல்லாம் பெரிய வகுப்புப் பையன்கள் வரவில்லையென்றால், கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போயிருக்கிறார்கள். ஒரு நாளைக்குச் சில நூறு ரூபாயும் நல்ல சாப்பாடும் கிடைக்கிற இடத்தை விட்டுவிட்டு வா என்று அறிவுரை சொன்னால் எடுபடாது. அந்தப் பணம் வீட்டில் எதற்குப் போகிறது என்று கேட்டால்தான் அடுத்து என்ன செய்வது என்று தெரியும். மல்லிகை விளையும் ஊர்களில் விடியுமுன் பூ பறித்துவிட்டு வருகிற பிள்ளை வருகைப் பதிவில் "வந்தார்" என்றுதான் இருக்கும், இரண்டாம் பாடவேளையில் மேசையில் தலை சாய்ந்திருக்கும்.

மாதத்துக்கு மூன்று நாலு நாள், கிட்டத்தட்ட ஒரே இடைவெளியில், ஒரு பெண் பிள்ளை வரவில்லையென்றால் விளக்கம் வேண்டியதில்லை. அரசின் புதுயுகம் திட்டத்தில் இரண்டு மாதத்துக்கு 3 பாக்கெட், ஒவ்வொன்றிலும் 6 நாப்கின். ஒரு மாதவிலக்குக்கு 9. ஐந்து நாளைக்கு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டுமென்றால் 15க்கு மேல் தேவை. பற்றாக்குறையைத் துணி கொண்டு ஈடுகட்டினால் பள்ளியில் மாற்ற இடம் வேண்டும், தாழ்ப்பாள் வேண்டும், தண்ணீர் வேண்டும், குப்பைக்கூடை வேண்டும். கழிவறை இருக்கிறதா என்று கேட்டால் எல்லாப் பள்ளியும் "இருக்கிறது" என்றே சொல்லும். பதினொரு மணிக்குப் போய்க் குழாயைத் திறந்து பாருங்கள்.

தை பிறந்தால் கிளம்புகிறவர்கள்

தொடர்ச்சியாக ஜனவரி முதல் ஜூன் வரை காணாமல் போகும் பிள்ளைகள் தனி வகை. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்தும் கல்வராயன், ஜவ்வாது மலைகளிலிருந்தும் குடும்பங்கள் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகின்றன. எதிர்த்திசையில், திருவள்ளூர், காஞ்சிபுரம் சூளைகளுக்கு ஒடிசாவின் மேற்கு மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் வருகின்றன.

பிள்ளையை ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகலாமே என்று தோன்றும். சூளையில் கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று குடும்பத்துக்குக் கணக்கு. போகும்போதே முன்பணம் வாங்கியிருப்பார்கள், அதைக் கழித்தாக வேண்டும். அப்பா மண் குழைத்துக் கல் அறுக்க, அம்மா சுமக்க, பிள்ளை வெயிலில் கல்லைத் திருப்பிப் போட்டால்தான் எண்ணிக்கை தேறும். முன்பணக் கடனுக்காக வெளியே போகவிடாமல் பிடித்துவைத்தால் அது 1976 சட்டப்படி கொத்தடிமை முறை. கோட்டாட்சியரிடம் புகார் கொடுத்து விடுதலைச் சான்று வாங்க வேண்டிய விஷயம், பள்ளி மட்டும் பார்த்துத் தீராது.

மற்றபடி இடம்பெயரும் பிள்ளைக்குப் பள்ளி செய்ய வேண்டியவை பொங்கலுக்கு முன்பே தொடங்க வேண்டும். யார் யார் போவார்கள் என்று டிசம்பரில் பட்டியல் எடுங்கள். மேஸ்திரி முன்பணம் கொடுக்க வருவதற்கு முன்பே ஊருக்கே தெரியும். உறவினர் வீட்டில் விடக்கூடியவர்கள், விடுதியிலோ உண்டு உறைவிடப் பயிற்சி மையத்திலோ சேர்க்கக்கூடியவர்கள், போயே ஆக வேண்டியவர்கள் என்று மூன்றாகப் பிரியும். பெண் பிள்ளைகளுக்கு கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா உறைவிடப் பள்ளி இருக்கிற ஒன்றியமா என்று வட்டார வள மையத்தில் கேளுங்கள். போயே ஆக வேண்டிய பிள்ளையின் கல்வித் தகவல் மேலாண்மை எண்ணை ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்தனுப்புங்கள். போகிற ஊர்ப் பள்ளி, மாற்றுச் சான்றிதழ் இல்லை, வயதுச் சான்று இல்லை என்று சொல்லி 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது. கல்வி உரிமைச் சட்டம் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. ஆனால் இணையப் பதிவில் பழைய பள்ளி அந்தப் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி சேர்த்துக்கொள்ள முடியும். எண்ணிக்கை குறைந்துவிடும் என்று சில தலைமையாசிரியர்கள் விடுவிக்கத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது.

ஆகஸ்ட் 1 அன்று உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்து ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கப்படுகிறது. 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3 என்பது தொடக்கப் பள்ளிக் கணக்கு. ஓரளவு வசதியுள்ள குடும்பம் வேன் வைத்து மெட்ரிக் பள்ளிக்குப் போகிறது, இல்லாத குடும்பம் சூளைக்குப் போகிறது, எண்ணிக்கை 61இலிருந்து 58 ஆகிறது, ஓர் ஆசிரியர் உபரி என்று பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போகிறார். இரண்டு பேர் ஐந்து வகுப்பைப் பார்க்கிறார்கள். அதில் ஒருவர் பயிற்சிக்கோ தேர்தல் வேலைக்கோ போனால் ஒருவர். அதைப் பார்த்து இன்னும் நான்கு குடும்பம் வேன் தேடுகிறது. இந்தச் சுழலில் கடைசிவரை அந்தப் பள்ளியில் மிஞ்சுவது வேறு வழியே இல்லாத பிள்ளைகள்தாம். ஆகவே ஜூலை மாதச் சேர்க்கையில் குழு காட்டும் வேகம் மூன்றே பிள்ளைகளில் ஓர் ஆசிரியரைக் காப்பாற்றும்.

தனியார் பள்ளியில் கட்டணம் கட்ட முடியாமல் அரசுப் பள்ளிக்கு வரும் குடும்பங்களிடம் பாக்கி கட்டினால்தான் மாற்றுச் சான்றிதழ் என்பார்கள். மாற்றுச் சான்றிதழ் கட்டணம் வசூலிக்கும் கருவி அல்ல என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதைச் சொன்னாலே பல இடங்களில் தாள் கிடைத்துவிடும்.

ஒதுக்கிய பணம் ஏன் வந்து சேர்வதில்லை

உதவித்தொகை விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதற்குப் பெரும்பாலும் தகுதிக் குறைவு காரணமாக இருப்பதில்லை. எழுத்துப் பிழைதான் காரணம். பள்ளிப் பதிவில் "மு. கவிதா", ஆதாரில் "கவிதா முருகன்", வங்கிப் புத்தகத்தில் "கவிதா எம்". மூன்றும் ஒரே பிள்ளை என்று கணினிக்குத் தெரியாது. அடுத்த தடை, கணக்கு இருக்கும், ஆதாரோடு இணைத்திருக்காது. அல்லது இரண்டு வருடத்துக்கு மேலாக எதுவும் போடாமல் எடுக்காமல் கணக்கு முடங்கியிருக்கும். அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போகும், வங்கியில் "மேனேஜர் இல்லை, நாளைக்கு வா" என்றால் இரண்டு நாள் கூலி. வருடத்துக்குக் கிடைக்கப்போகும் தொகை அந்தக் கூலியைவிடக் குறைவாக இருந்தால் அப்பா அதோடு விட்டுவிடுவது சோம்பல் இல்லை, கணக்கு. எனவே இவற்றை ஒவ்வொரு வீட்டுக்கும் விட்டுவிடாமல், ஜூன் இறுதியில் ஒரு நாள் அஞ்சலக ஊழியரைப் பள்ளிக்கே வரவழைத்து அஞ்சல் வங்கிக் கணக்கும் ஆதார் இணைப்பும் ஒன்றாக முடித்துவிடுவது நல்லது. 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகை, கருவிழிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள். 9, 10ஆம் வகுப்பில் உதவித்தொகை தடைபடுவதற்கு 15 வயதுப் புதுப்பித்தல் விட்டுப்போவது ஒரு காரணம்.

சாதிச் சான்று பழங்குடிப் பிள்ளைகளுக்கு இன்னும் பெரிய மதில். பிற்படுத்தப்பட்ட, ஆதிதிராவிடர் பிரிவினருக்கு வட்ட அளவிலேயே கிடைத்துவிடும். பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் விசாரித்துத் தர வேண்டும். அப்பாவுக்கே சான்று இல்லாத இருளர் குடும்பத்துப் பிள்ளை இதற்காக வருடக்கணக்கில் அலைகிறது. நரிக்குறவர் 2023 ஜனவரியில்தான் பழங்குடிப் பட்டியலுக்கு வந்தார்கள், பழைய சான்றை மாற்றாமல் வைத்திருப்பவர்கள் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு தனியாகச் சொல்ல வேண்டியது. பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 3.5 லட்சத்துக்குள் இருந்தால் எழுதலாம். தேறினால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நான் மேலே சொன்ன 9ஆம் வகுப்புச் சறுக்கலில் கைகொடுக்கிற ஒரே கணிசமான தொகை இது. தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள். மனத்திறன் 90 கேள்வி, படிப்பறிவு 90 கேள்வி. மனத்திறன் பகுதி பாடப்புத்தகத்தில் இல்லாதது, பழக்கம் இல்லாத பிள்ளை அதில்தான் விழும். ஆகஸ்டிலிருந்து வாரத்துக்கு இரண்டு மணி நேரம் பழைய வினாத்தாள் போட்டுப் பார்த்தால் போதும். தேறியபின் நடக்கும் தவறு இன்னொன்று: ஒவ்வோர் ஆண்டும் இணையத்தில் புதுப்பிக்க வேண்டும் என்று வீட்டுக்குத் தெரியாது, 10ஆம் வகுப்பில் பணம் நின்றுபோகும். தனியார் பள்ளிக்கு மாறினாலும் போய்விடும்.

குடும்பத்தில் சம்பாதிக்கிற அம்மாவோ அப்பாவோ விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ அரசுப் பள்ளி மாணவருக்கு 75,000 ரூபாய் உண்டு. தலைமையாசிரியர் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை இல்லாமல் இது நகராது. கட்டட வேலையில் விழுந்து இறந்தவரைப் புகார் இல்லாமல் அடக்கம் செய்துவிட்டால் இந்தப் பணமும் போய்விடும் என்பதை இழவு வீட்டில் யாராவது ஒருவர் மெதுவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உயர்கல்வியில் மாதம் 1,000 ரூபாய்க்கும், மருத்துவம் உள்ளிட்ட படிப்புகளின் 7.5 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்கும் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பது பொதுவான நிபந்தனை. ஆறாம் வகுப்பில் "ஒரு வருஷம் மெட்ரிக்ல போட்டுப் பார்ப்போம்" என்கிற பெற்றோரிடம் இதைச் சேர்க்கைக்கு முன்பே சொல்லுங்கள்.

கொடுக்கிற முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வகுப்பில் நின்றுகொண்டு "ஸ்காலர்ஷிப் பசங்கல்லாம் எழுந்திருங்க" என்று கூப்பிட்டால் அந்தப் பிள்ளைகளின் சாதி அந்த நிமிடமே வகுப்புக்கு அறிவிக்கப்படுகிறது. நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024இல் தந்த அறிக்கை, மாணவரின் சாதி விவரம் இப்படி வெளிப்படக் கூடாது என்கிறது. பெயர் சொல்லித் தனித்தனியாக அலுவலகத்துக்கு அழைத்தால் பத்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

பஸ், மில், கல்யாணம்

பாஸ் இலவசம், ஆனால் பஸ் வர வேண்டும். ஊருக்குக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றால் பத்தாம் வகுப்புச் சிறப்பு வகுப்பு முடிவதற்குள் மாலைப் பஸ் போயிருக்கும். தனியார் மினி பஸ்ஸில் பாஸ் செல்லாது, ஷேர் ஆட்டோவுக்குக் காசு வேண்டும். இருட்டியபின் நடந்து வருவதை எந்த வீடும் விரும்பாது, "போதும் படிச்சது" என்ற சொல் முதலில் பெண் பிள்ளைக்குத்தான் வரும். பள்ளி நேரத்துக்கேற்ப பஸ் நேரத்தை மாற்றக் கேட்கும் மனு, கிராம சபையில் தீர்மானமாக நிறைவேறி, பணிமனைக் கிளை மேலாளருக்கு ஒரு நகலும் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியருக்கு ஒரு நகலும் போனால் பலன் தருகிறது. தனி ஆள் மனு அலமாரியில் தூங்கும். மனுவில் எத்தனை பிள்ளைகள், எந்த நிறுத்தம், எந்த நேரம் என்ற எண்கள் இருக்கட்டும். அதுவரைக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் சிறப்பு வகுப்பைக் காலையிலோ மதிய இடைவேளையிலோ வைக்கச் சொல்லுங்கள்.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து முடிவு வருவதற்குள் உள்ள இடைவெளியில் பல முடிவுகள் எடுக்கப்படுகின்றன. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளுக்கு ஆள் சேர்க்கும் புரோக்கர்கள் கிராமங்களுக்கு வருவது அந்த நேரம். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை, அது கல்யாணத்துக்கு ஆகும் என்பது சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் கெட்ட பெயர் வாங்கிய பழைய ஏற்பாடு. பெயர் மாறினாலும் பேச்சு அதேதான். "லீவுல ரெண்டு மாசம் மட்டும்" என்று போகிற பிள்ளை ஜூனில் திரும்புவது அரிது, ஏனென்றால் அதற்குள் வீட்டில் அந்தச் சம்பளத்தை நம்பி ஒரு கடன் வாங்கியிருப்பார்கள். கல்யாணப் பேச்சு எழுவதும் இதே மாதங்களில்தான். 18 வயதுக்குள் என்றால் 1098க்கு அழைக்கலாம், அழைத்தவர் பெயர் வெளியே வராது. ஆனால் பத்திரிகை அடித்த பிறகு நிறுத்துவதைவிடப் பேச்சு எழும்போதே வகுப்பு ஆசிரியை வீட்டுக்குப் போவது நல்லது.

ஆகவே குழுவின் ஆண்டு வேலையில் பெரிய பங்கு ஏப்ரல், மே மாதங்களில் இருக்க வேண்டும், பள்ளி பூட்டியிருக்கிற அந்த நேரத்தில். தேர்வு எழுதிய பிள்ளைகளின் பட்டியலோடு வீட்டுக்கு வீடு போங்கள். 11இல் எந்தப் பள்ளி, எந்தப் பிரிவு, எப்படிப் போகும், மதியத்துக்கு என்ன கட்டிக்கொடுப்பார்கள் என்று கேளுங்கள். 11இல் சத்துணவு இல்லை என்பது பல வீடுகளுக்கு ஜூனில்தான் தெரியவரும். தேறாத பிள்ளைக்கு அதே ஆண்டிலேயே துணைத்தேர்வு இருக்கிறது. விண்ணப்பிக்க முடிவு வந்த பிறகு சில நாள்கள்தான் தருவார்கள், பள்ளியிலேயே விண்ணப்பிக்கலாம். தோற்ற பிள்ளை வெட்கப்பட்டுப் பள்ளிப் பக்கமே வராமல் அந்தச் சில நாள்களைக் கடத்திவிடுகிறது. முடிவு வெளியாகிற அன்று மாலையே அந்தப் பெயர்களை எடுத்துக்கொண்டு, ஒரு ஆசிரியரும் ஒரு குழு உறுப்பினருமாக அவர்கள் வீட்டுக்குப் போய்விடுங்கள். கட்டணத்துக்குக் கையில் கொஞ்சம் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.